பின் ஸ்பிரிங்குக்குக் கடைசிப் படி

— மோட்டர் சைக்கிளோட பின் ஸ்பிரிங்க இன்னும் ஒரு படி ஏத்து, குமரா.

— ஐவன் அண்ணே, கத்தரின் அக்கா எடைக்கு இப்பவே ஸ்பிரிங் ரொம்பக் கெட்டி லா.

— பரவால்ல. கடைசிப் படிக்கே கொண்டு போ.

— இந்தப் பட்டறையில ரிப்பேர் பாக்குற போமன் நானா நீங்களா? மூணு மாசம் முன்ன, "அவளுக்கு மெத்தை மாதிரி இருக்கணும்"னு அடிப்படிக்கு இறக்க வச்சீங்க. ரெண்டு பேரு ஏறுனா மெத்தையா இருக்காது, முழுசா அமுங்கி இடிக்கும்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?

— கேக்கல. தப்பு என் மேலதான்.

— அந்த லோபாங் பள்ளத்துல விழுந்தப்ப மொத்த அடியும் அக்கா இடுப்புக்குத்தான் போயிருக்கும். இன்னும் வலிக்குதா அவங்களுக்கு?

— வலி விட்டுருச்சு. ஆனா இனிமே என் பின்னால ஏறவே மாட்டேன்னு பைபிள் மேல கைய வச்சிட்டா.

— அப்ப ஞாயித்துக்கிழமை பூசை?

— அதான் பிரச்சினை. பழைய தோட்டத்துக் கோயிலுக்கு அந்தச் செம்பனை ரோட்ல எந்தக் காரும் வரமாட்டேங்குது. லாரி ஓடி ஓடி ரோடே இல்லப்பா. அவ பாடாம அங்க பூசை நடந்ததே இல்ல. இப்பல்லாம் வீட்ல வெங்காயம் உரிச்சுக்கிட்டே தனியாப் பாடிக்கிட்டு இருக்கா. என்னால கேக்க முடியலடா.

— அழுவாதீங்கண்ணே. சொல்றதக் கேளுங்க. பின்னால எவ்வளவு கனமோ, அவ்வளவுக்குத்தான் ஸ்பிரிங்க ஏத்தணும். அக்கா சிட்டுக்குருவி மாதிரி இருக்காங்க. கடைசிப் படியில வச்சா சின்னக் கல்லுக்கே தூக்கிப் போடும். நடுவுல வைக்கிறேன், சரியா?

— வேணாம். கடைசி.

— அலாமாக்! அக்காவ விட்டுட்டு வேற யாரையாவது ஏத்தப் போறீங்களா?

— ஒரு தொப்பை வச்ச ஆளு. உன் அளவுக்கு ரெண்டு மடங்கு.

— வெளையாடாதீங்க. சரி, ஏத்தியாச்சு. ஸ்டாண்ட எடுங்க, நீங்க முன்னால உட்காருங்க. நான் பின்னால ஏறி எவ்வளவு இறங்குதுன்னு பாக்குறேன்.

— நீ முன்னால போ. நான் பின்னால ஏறுறேன்.

— உங்க உடம்ப வச்சுப் பாத்தா அக்காவுக்கு எப்படிண்ணே சரியா வரும்?

— சொன்னதச் செய், தம்பி. நகரு... ம். லேசா ஆட்டு. ஆங், இடிக்கல. நல்லா இருக்கு. கால் வைக்கிற கம்பிகூட எனக்கு எட்டுது.

— உங்களுக்கு நல்லா இருந்து என்ன பண்றது? ஒண்ணு கேக்கவா? இத்தனை வருசமா அந்த ரோட்ல ஓட்டுறீங்க. அன்னைக்கு மழையும் இல்ல, நல்ல வெயிலு. அவ்வளவு பெரிய லோபாங்ல எப்படிப் போய் விழுந்தீங்க?

— எனக்கு அது தெரியவே இல்ல.

— எது?

— லோபாங்தான். இனிப்பு நீரு வியாதி கண்ணுக்கு ஏறிருச்சு, குமரா. ஓரமெல்லாம் கலங்கலா இருக்கு. ஈப்போவுல கண் டாக்டர் இனி மோட்டர் ஓட்டக்கூடாதுன்னுட்டாரு. அவளுக்கு மட்டும்தான் தெரியும். நீ வெளிய சொல்லிறாத.

— அண்ணே... அப்ப இந்த மோட்டர எதுக்குண்ணே சரி பண்றீங்க? யாரு ஓட்டுறதுக்கு?

— அங்க பாரு, மீன் பையோட வர்றா. நீயே கேளு.

— என்ன ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க மாதிரி மோட்டர்ல உட்கார்ந்து ஆட்டிக்கிட்டு இருக்கீங்க? ஏங்க, பின்னால உங்களுக்கு இடிக்குதா?

— இடிக்கல, கத்தரின். குமரன் நல்லாப் பண்ணிட்டான்.

— அக்கா, அண்ணன் சொல்றது ஒண்ணும் புரியல. நீங்க இனிமே அவர் பின்னால ஏற மாட்டீங்கன்னு...

— ஏற மாட்டேன்தான். விடிகாலையில பள்ளித் திடல்ல இந்த மனுசன் என் பின்னாலயே மூச்சு வாங்க ஓடி ஓடி மோட்டர் ஓட்டக் கத்துக் குடுத்தாரு. நேத்துத்தான் லைசென்ஸ் கைக்கு வந்துச்சு. ஏங்க, நீங்க இறங்காதீங்க, இந்த மீனப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உட்காருங்க. தம்பி, நீ இறங்குப்பா. அது என் எடம்.