கல் மாதிரி ஒரு பிரேக்

டப்பா மூடியை எப்போதும் இறுக்கித்தான் மூட வேண்டும் என்பது என் கொள்கை. தளர்வாக விட்டால் எறும்பு வரும், எறும்பின் சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள். உங்கள் முன்னால் இருக்கிற பிஸ்கட் டப்பாவைத் திறந்து பாருங்கள் தம்பி. முடியவில்லையா? இப்படிக் கொடுங்கள். ஒரே திருப்பு, அவ்வளவுதான். எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாகன ஆய்வாளர் வீடு தேடி வந்து, நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்து, ஒரே ஒரு கேள்வி கேட்பதை நான் மரியாதையாகவே நினைக்கிறேன். அறிக்கையில் "பிரேக்கில் குறை இல்லை, ஓட்டியவரின் தவறு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இவ்வளவு பெரிய மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்திய மனுஷன் கூடவே மிதிக்கிற காலுக்குப் பலம் கூட்டுகிற ஒரு பூஸ்டரையும் ஏன் பொருத்தவில்லை என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. உதிரிபாகக் கடைக்காரரும் அதைத்தான் கேட்டார். பதில் கொஞ்சம் நீளம். ஓய்வு பெற்றவன் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டால் அந்தத் தண்டனையை அனுபவித்துத்தான் ஆக வேண்டும்.

பேருந்துப் பணிமனையில் பிரேக் சோதிப்பது என் வேலை. பொழுது விடிந்தால் மிதிப்பேன், பொழுது சாய்ந்தால் இறங்குவேன். அங்கே எனக்கு இரும்புக்கால் என்று பெயர். நான் வாசலில் நின்று காலைத் தூக்கினாலே உள்ளே வருகிற பேருந்து பயந்து நின்றுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான். அதற்காக அது பொய்யாகிவிடாது.

ஓய்வு கொடுத்து, மாலை போட்டு, வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். சில நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். வீடு என்னைக் கேட்காமலே ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி திரைச்சீலை தைக்கிறவள். துணி வாங்குவாள், தைப்பாள், எங்கள் பழைய பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவாள். அவளுக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் ஆனது, நடக்கையில் லேசாகச் சாய்வாள். அந்தக் காலை வைத்துக்கொண்டே ஊரைச் சுற்றி வருவாள். நான் நாற்காலியில் இருந்தேன். வேலைக்காரி நாற்காலியைச் சுற்றிக் கூட்டினாள்.

ஒருநாள் சமையலறையிலிருந்து, "என்னங்க, இந்தக் குழாயைக் கொஞ்சம் மூடி விடுங்க" என்றாள். போய் மூடினேன். தம்பி, அந்த "என்னங்க" இருக்கிறதே, பணிமனையில் போட்ட மாலையெல்லாம் அதற்கு முன்னால் வாடிப்போகும்.

மறுநாள் அந்தக் குழாயை மேம்படுத்தினேன். சொட்டவே சொட்டாது, ஆனால் திறக்க என் கை வேண்டும். அப்புறம் டப்பா மூடிகள். அப்புறம் ஜன்னல் கொக்கிகள், திருடன் பயம். அப்புறம் வாசல் கேட். நீங்கள் வந்தபோது தள்ளிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டீர்களே, அதே கேட். புயல் வந்தாலும் அசையாது. கைபேசிக்கு மின்சாரம் ஏற்றுகிற இடத்தைத் தண்ணீர் படாத உயரத்துக்கு மாற்றினேன். ஒரு நாளைக்கு ஆயிரம் முறை கூப்பிடுவாள். சரி, ஆயிரம் இல்லை. ஆனால் எனக்கு ஆயிரமாகக் கேட்டது.

அவளும் முதலில் சிரித்தாள். "வீடா இது, பேங்க் லாக்கரா? உங்களுக்கு ஓய்வு கொடுத்தவங்களைக் கூப்பிட்டு, தயவுசெஞ்சு திருப்பி எடுத்துக்கங்கன்னு சொல்லணும்."

"பாதுகாப்புதானே" என்றேன்.

"யார்கிட்டேர்ந்து?"

எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. இப்போதும் புரியவில்லை.

ஒரு காலையில் தையல் மெஷின்களுக்கு உறை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அக்கா வீட்டு முன்னறை காலியாத்தான் கிடக்கு. மெஷின், துணி எல்லாம் எடுத்துட்டு அங்க போயிடறேன். வாரத்துல ஒருநாள் வந்து உங்களைப் பார்த்துட்டுப் போறேன்."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்லைங்க. ஒரு ஜன்னலைத் திறக்கக்கூட ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கு. மூச்சு முட்டுது." கடைசி உறையின் நாடாவை முடிந்துவிட்டு, "போறதுக்கு முன்னாடி வண்டிப் பிரேக்கை மட்டும் சரிபண்ணிக் கொடுங்க. மிதிச்சா மிதி தரைக்கே போகுது. உங்களைவிட நல்லா செய்ய யார் இருக்கா" என்றாள்.

கவனியுங்கள், கேட்டவள் அவள். நானாகப் போய் எதையும் தொடவில்லை.

மாஸ்டர் சிலிண்டர் உங்களுக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் சொல்லிப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அது ஒரு பெரிய ஊசிக்குழாய். கால் மிதிக்கிறது, உள்ளே இருக்கிற எண்ணெய் சக்கரங்களுக்கு ஓடிப் போய்ப் பிடிக்கிறது. எங்கள் வண்டியில் இருந்தது அந்தக் காலத்து ஒற்றை அறைச் சிலிண்டர். எங்காவது ஓரிடத்தில் ஒழுகினால் நாலு சக்கரமும் கைவிட்டுவிடும். புதிதாக வருவதில் இரண்டு அறை, முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று. ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். பெண்டாட்டி மேல் அக்கறை உள்ள எவனும் அதைத்தான் போடுவான். மிச்சமிருந்தது அளவு மட்டும். ஊசிக்குழாய் மெல்லியதாக இருந்தால் கட்டைவிரலுக்குச் சுலபம், குழாய் தடிக்கத் தடிக்க விரல் நோகும். காலுக்கும் அதே கதைதான்.

கடைக்குப் போகும் முன்பு வீட்டில் ஒரு விளையாட்டு விளையாடினோம். எடை பார்க்கிற மெஷினைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து உதைத்தேன். முள் கடைசி வரை ஓடி, மேலே போக இடமில்லாமல் நடுங்கியது. மெஷின் அழுதது என்றுகூடச் சொல்வேன். "இப்ப நீ" என்றேன். அவள் வலது காலால் அழுத்தினாள். பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் எடைதான் காட்டியது.

"இவ்வளவுதானா?"

"இதுக்கு மேல போனா முட்டி பேச ஆரம்பிச்சிடும்" என்றாள்.

"ரெண்டு காலையும் சேர்த்து வை."

வைத்தாள். சிரித்துக்கொண்டே வைத்தாள். முள் நின்ற இடத்தையும் பார்த்துக்கொண்டேன்.

கடைக்காரர் நம்முடைய பழைய சிநேகிதர். இரண்டு அளவு எடுத்து வைத்தார். நான் பெரியதைத் தொட்டதும், "அண்ணே, இது பெரிய வண்டியோடது. உங்க வண்டியிலயும் உட்காரும், அதுல பிரச்சினை இல்ல. ஆனா பூஸ்டர் இல்லாம போட்டா மிதிக்கிறவன் கால் கழண்டுடும்ணே" என்றார்.

"என் காலைப் பத்தித் தெரியாதா உனக்கு?"

"அட, இரும்புக்கால்கிட்டயே போய்ச் சொல்றேன் பாருங்க" என்று அவரே தலையில் தட்டிக்கொண்டு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். இருவரும் சிரித்தோம்.

பொருத்திய பிறகு குழாயில் நிற்கிற காற்றை வெளியே எடுக்க வேண்டும். அது இரண்டு பேர் வேலை. அவள் மேலே உட்கார்ந்து மிதித்துப் பிடிக்க, நான் சக்கரத்தடியில் படுத்து, காற்று வெளியேறுகிற மூக்குத் திருகைத் திறந்து மூடினேன். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே இனிமையான காலைப்பொழுது அதுதான்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"பிடி, விடாதே."

"விடலீங்க. இது அப்படியே உள்ள போகுது, என் அனுமதியே கேட்கல."

"காற்று இருந்தா அப்படித்தான். இப்ப விடு."

நாலாவது சக்கரம் முடிந்ததும் மிதி எழும்பி நின்றுவிட்டது. அவள் அழுத்திப் பார்த்தாள். முகத்தைத் தொங்கப் போட்டாள். "என்னங்க, கல்லு மாதிரி இருக்கு."

"புதுசுல்ல. பழகிடும்."

வீட்டு முற்றத்தில் நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்தாள். காலி வண்டி, சமதரை, நின்றது. நான் சாலையில் கொண்டுபோய்ச் சரிவில் இறக்கி, கீழே மரக்கிடங்குச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திக் காட்டினேன். சுவர் எனக்கு நன்றி சொன்னது. சோதனைக்கு வந்தபோது நீங்களும் மிதித்துப் பார்த்தீர்கள், உங்களுக்கும் நின்றது. கைப்பிரேக் கம்பி தேய்ந்திருந்ததையும் குறித்திருக்கிறீர்கள். உண்மைதான். அதன் முறை இன்னும் வரவில்லை. ஒவ்வொன்றாகத்தானே செய்ய முடியும்.

நான் நினைத்தது இவ்வளவுதான். இரண்டு முறை மிதிப்பாள், முட்டி பேசும், "என்னங்க, எனக்கு இது சரிப்படாது, நீங்களே ஓட்டிட்டு வாங்க" என்று கூப்பிடுவாள். நான் ஓட்டிக்கொண்டு போவேன். அக்கா வீட்டு முன்னறையில் எனக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அவள் கூப்பிடவில்லை. மெஷின்களை ஏற்றினாள், துணி மூட்டைகளை ஏற்றினாள், வண்டி பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்தது. ஓட்டும் இடத்தில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்து, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள்.

"நான் கூட வரட்டுமா?"

"வேண்டாங்க. பழகிடும்னு நீங்கதானே சொன்னீங்க."

எங்கள் வாசலைத் தாண்டினால் நேரே சரிவு. நீங்கள் அளந்து பார்த்தீர்கள். பாதியில் நிறுத்தியிருக்க வேண்டும், இரண்டு காலாலும் மிதித்திருக்கிறாள் என்று சொன்னீர்கள். இரண்டு கால் போதாது என்பது எனக்குத் தெரியும். சரிவில் வண்டி வேகம் பிடித்தபோது அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னங்க" என்றாள். குரலில் ஓர் அவசரம் இருந்தது. ஆனால் ஊரில் இத்தனை பேர் இருக்க, என்னைத்தான் கூப்பிட்டாள். நான் கையை அசைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மரக்கிடங்குச் சுவர்.

உயிருக்கு ஒன்றுமில்லை. அடி இடுப்புக்குக் கீழேதான். பயிற்சி கொடுக்க வருகிறவர் அவள் பாதத்தை என் உள்ளங்கையில் வைத்துத் தள்ளச் சொல்கிறார். வெண்ணெய் மாதிரி இருக்கிறது அழுத்தம். உள் அறையில் நல்ல கட்டில் போட்டிருக்கிறேன், சோறு ஊட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. அவளுடைய அக்கா அழைத்துப் போக வந்தாளாம், கேட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாளாம். நான் பின்கட்டில் இருந்தேன். கேட் பூட்டியிருக்கவே இல்லை, தம்பி.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். நான் திறந்துவிடாமல் உங்களாலும் போக முடியாது. அந்தக் கேட்டைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வந்தேன். அன்றைக்கும் அவளால் அதைத் திறக்க முடியவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தாள். திறக்காமல் நின்றிருந்தால் போதும், அவள் வீட்டில்தான் இருந்திருப்பாள். கீழே என்ன நடக்கும் என்று அந்த எடை மெஷினுக்குத் தெரிந்த அளவு எனக்கும் தெரியும். தெரிந்தேதான் சிலிண்டரை எடுத்தேன், தெரிந்தேதான் பூஸ்டரை விட்டேன். கேட்டை நான் போய், என் கையால், அகலமாகத் திறந்துவிட்டேன்.

இப்போது ஒரே ஒரு குறைதான். பயிற்சிக்காரரோடு பேசுகிறாள், வேலைக்காரியோடு பேசுகிறாள். என்னைக் கூப்பிடுவதில்லை. தொண்டைக்குச் சிரமம் வேண்டாமென்று தலைமாட்டில் ஒரு மணி பொருத்திக் கொடுத்தேன், கட்டைவிரலால் தட்டுகிற சைக்கிள் மணி. ராத்திரியும் பகலும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இதுவரை ஒரு முறைகூட அடித்ததில்லை. நேற்று கழற்றிப் பார்த்தேன், பழுது எதுவும் இல்லை. ஸ்பிரிங்தான் அவள் விரலுக்குக் கொஞ்சம் கடினம் போலிருக்கிறது. நாளைக்கு மெல்லியதாக ஒன்று வாங்கி மாற்றிவிட்டால் கூப்பிடுவாள்.