ஒண்ணு எப்படிப் பத்தாவும்?

நெமிலிச்சேரியில் ரயிலேறிய இரண்டு பெண்கள் என் எதிரில் உட்கார்ந்தார்கள்.

“கடன் வாங்கினது ஒண்ணு. அது எப்படிக்கா பத்தாவும்?” என்றாள் இளையவள்.

மூத்தவள் பதறிப்போனாள். “அநியாய வட்டியா கீதே, யாருகிட்டடி வாங்கின?”

“ஐயோ, கழித்தல் கணக்குக்கா. பக்கத்து நம்பர்கிட்ட ஒண்ணு கடன் வாங்குறோமே, அது ஏன் பத்தாவுதுன்னு பசங்களையே யோசிச்சிகினு வரச் சொல்லிட்டாங்க மிஸ்ஸு. பாப்பா காலைல சரியா சாப்பிடவே இல்ல.”

“நீ சொல்லித் தர்றதுதானே?”

“எனக்கு இன்னா தெரியும்? அப்படித்தான் போடணும், போடுன்னேன். ‘அதான் ஏம்மா?’ன்றா.”

“அப்ப மிஸ்ஸையே போயி கேளு.”

“அங்கதான் போறேன். பயமா கீதுக்கா.”

“கேக்குறதுக்கு இன்னா பயம்?”

“என்னையும் யோசின்னுட்டா?”