எந்தச் சூடு

விழுப்புரம் மாவட்டம், மரக்காணத்தில் குடியிருக்கும் ஜெயசீலன் மனைவி ரேணுகா, வயது 42, விசாரணையில் சொன்னது:

நான் மேற்படி ஊரில் கணவருடன் வசித்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை செய்து வருகிறேன். உப்பளத்தில் கூலி வேலை செய்யும் அமுதவல்லியை எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்குப் பிரசவமானபோது நான் கூட இருந்தேன். அப்போது பிறந்த நிவேதாவுக்கு இப்போது ஐந்து வயது.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை அமுதவல்லி, நிவேதாவைக் காய்ச்சலுடன் தூக்கி வந்தார். குழந்தையின் இரண்டு தொடையிலும் புண் இருந்தது. என்னவென்று கேட்டதற்குச் சூடு என்றார். குழந்தையைக் கேட்டேன், அவளும் சூடு என்றாள். கோடையில் உப்பளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சூட்டுக்கட்டி வருவது சகஜம் என்பதால் நானும் அப்படியே எடுத்துக்கொண்டு, பிள்ளையை இப்படியா வெயிலில் விடுவது, இளநீர் வாங்கிக் கொடுக்கக் கூடாதா என்று அமுதவல்லியை உரிமையோடு கடிந்துகொண்டேன். அவர் குழந்தையின் பாவாடையைக் கீழே இழுத்துவிட்டார்.

அதன் பிறகு காய்ச்சலைப் பார்த்த டாக்டர் குழந்தையைப் படுக்கையில் சேர்க்கச் சொன்னதால், அமுதவல்லி மருந்து வாங்கப் போனார், நான் கட்டிலில் ரப்பர் ஷீட் விரித்தேன். அது எதற்கு என்று நிவேதா கேட்டாள். படுக்கை நனையாமல் இருக்க என்றேன். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

“இங்க ஒண்ணுக்குப் போயிட்டா யாரு சிஸ்டர் சூடு வெப்பாங்க?” என்று கேட்டாள்.

அதன் பிறகு புண்களைத் திரும்பப் பார்த்தேன். கட்டியாக இருந்தால் முகத்திலும் கழுத்திலும் வந்திருக்கும். இவை பாவாடை மறைக்கும் இடத்தில் மட்டும், கரண்டிக் காம்பு அகலத்தில் நீளவாட்டில், சில ஆறியும் சில புதிதாகவும் இருந்தன. உடனே டாக்டரை அழைத்துக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தார்.

மருந்துடன் திரும்பி வந்த அமுதவல்லியிடம் நானே கேட்டேன். அவர் மறுக்கவில்லை. விடிவதற்குள் தான் உப்பளத்துக்குப் போக வேண்டும் என்றும், தினமும் பாய் நனைந்து கிடந்தது என்றும், மந்திரித்தும் நிற்கவில்லை என்றும் சொன்னார். “நான் கொடுமைக்காரி இல்லீங்க சிஸ்டர், எனக்கும் எங்கம்மா இப்படித்தான் நிறுத்துனாங்க” என்று அழுதார். எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனாலும் குழந்தையை அவருடன் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு போலீசார் வந்து அமுதவல்லியை அழைத்துச் சென்றார்கள். நிவேதா என் கையைப் பிடித்துக்கொண்டு, “போலீஸ்கிட்ட சொல்லுங்க சிஸ்டர், நான் இனிமே பாயில போவ மாட்டேன். அம்மாவ வுட்டுடச் சொல்லுங்க” என்றாள். கட்டாயம் சொல்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ஜெ. ரேணுகா