ஒற்றைக் கூன்வண்டின் வயிறு

உங்கள் நாற்காலி இடுப்புக்கு இதமாக இருக்கிறது. முக்காலியில் குனிந்து உட்கார்ந்து வண்டு பார்த்தே தலை நரைத்தவன் நான்; இதன் அருமை எனக்குத் தெரியும்.

கூன்வண்டு என்றால் தும்பிக்கை மாதிரி மூக்கு நீண்ட சின்ன வண்டு. எல்லாம் ஒன்றுபோலவே உரித்து வைத்தாற்போல் இருக்கும். இன்ன இனம்தான் என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் வயிற்றைத் திறந்து ஆணுறுப்பைப் பார்க்க வேண்டும். எனக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு வண்டு. திறக்க மனசு வரவில்லை. மூக்கின் வளைவை மட்டும் வைத்துப் புது இனம் என்று அறிவித்து, என் மனைவியின் பெயரைச் சூட்டினேன். அவள் அதன் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம், "இது நான்தான்" என்பாள். வீட்டில் என் பேச்சு எடுபட்டது அதற்குப் பிறகுதான்.

அவளுடைய தம்பியை எங்கள் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நானேதான். கெட்டிக்காரன். வினையே அதுதான்.

"மாமா, இது பழைய இனந்தான்னு தோணுது. அந்த ஒண்ணத் திறந்து பாத்துடலாமா?"

"உங்க அக்காகிட்ட யாரு சொல்றது?"

"நானே சொல்றேன். அக்கா சிரிப்பா, அவ்வளவுதான்."

சிரிப்பாள் என்று எனக்கும் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

செத்த வண்டையும் தின்னும் பூச்சிகள் உண்டு. அதனால் அவ்வப்போது வண்டுப் பெட்டிகளைப் புகையறையில் அடுக்கி, கதவைத் தாழிட்டு, நச்சுப்புகை விடுவோம். குழாயைத் திறக்குமுன் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று மூன்று முறை கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். உரக்கக் கூப்பிட வேண்டும் என்று விதியில் இல்லை. அவன் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

பிறகு குழாயைத் திறந்துவிட்டு என் மேசைக்கு வந்தேன். காய்ந்து விறைத்த உடல் இளகட்டும் என்று அந்த ஒற்றை வண்டைக் காலையிலேயே வெந்நீரில் ஊறப்போட்டிருந்தேன். ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறான், மறுப்பானேன். திறந்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். பழைய இனம்தான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

உள்ளேயிருந்து தட்டினானா என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். தட்டினான். "மாமா, நான் உள்ள இருக்கேன்" என்றும் சொன்னான். எப்போதும் மரியாதை தெரிந்தவன். நான் வண்டைப் பார்த்து முடித்தபோதும் தட்டிக்கொண்டுதான் இருந்தான்.

போய்த் திறந்திருக்கலாம். ஆனால் அவன் சொன்னது சரி என்று தெரிந்த பிறகு எந்த முகத்தோடு திறப்பது, நீங்களே சொல்லுங்கள்.