மூடுபனிக்குச் சொந்தக்காரன்

பகடைய அங்கிட்டு வையி டிஜோ. கடைசியாத் திருப்பிக் குடுக்க வந்தவன் மாதிரி நீட்டாத. மொதல்ல உக்காரு, கட்டன் சாயா போட்டுருக்கேன், குடி.

போறதுக்கு முந்தி வில்லன் யாருன்னு தெரிஞ்சுக்கணுமாக்கும். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போறவனுக்கு இந்த எப்சிபா சொல்ற பேய்க்கத மேல என்ன அக்கற? சரி சரி, மூஞ்சியத் தொங்கப் போடாத.

ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சு நாலு பேரும் ஏலக்கா ஸ்டோர்ல உக்காந்து ஆடுறோம். நான் கத சொல்றேன், நீ, சிஞ்சு, மிக்கேலு மூணு பேரும் ஆளுக்கொரு வேசத்துல பகட உருட்டுறீங்க. இம்புட்டு நாளாகியும் ஒரு ஆளப் புடிக்கத் தெரியல பாரு. கதப்படி எஸ்டேட்ட மூடுபனி சுத்திக்கிருச்சு. கெளம்புனவன் எல்லாம் வழி மறந்து லயத்து வீட்டுக்கே திரும்பி வாரான். அந்தப் பனிய ஏவி விட்டது யாரு? கதையில ஜீப்புல ஒருத்தன் வந்து எறங்குனா போதும், சிஞ்சு இவன்தான்னுருவா. வெளியூர்க்காரன்னா இங்க அப்பிடித்தான். மிக்கேலு இன்னும் மோசம். ஒரு உசுருக்கு ஒரு ஏலக்கான்னு வச்சு ஆடுங்கன்னா, பேச்சு மும்முரத்துல தன் உசுரையே மென்னு தின்னுட்டு ஆட்டத்துல விழுந்து கெடக்கான்.

ஆமா, நீதான் அவனக் காப்பாத்துன. அதத்தான் சொல்ல வாரேன்.

மறஞ்சிருக்குற வில்லன உண்டாக்குறது லேசு இல்லடா. பயமுறுத்துனா கண்டுபுடிச்சுருவீங்க. அவன் எல்லாருக்கும் ஒதவணும், எப்பவும் கூடவே இருக்கணும். அவன் ஆச என்னன்னு கேட்டா, ஞாயந்தானேன்னு தோணணும். இப்ப யோசிச்சுப் பாரு. அடிபட்டவனுக்கெல்லாம் தன் பையில இருந்து ஏலக்கா குடுத்து எழுப்பி விட்டது யாரு? அத வாங்குனவன் ஒருத்தனாச்சும் மல எறங்குனானா?

ஏன்டா முழிக்கிற. நீ ஆடுற வைத்தியருதான். கட்டன் சிந்துது பாரு, தொடச்சுரு.

உனக்கு எப்பிடித் தெரியும்? அவருக்கே மறந்துபோச்சு. பனிய வரவச்ச அன்னிக்கு, வழிய மறக்க வைக்கிற அந்த ஏலக்காயில ஒண்ண அவரும் தின்னுட்டாரு. தின்னுறதுல மிக்கேலுக்கே அண்ணன்.

அவரு ஆசையா? கூட இருக்குறவங்க யாரும் மலைய விட்டுப் போயிரக் கூடாது. வேற ஒண்ணும் இல்ல.

மொதல்ல ஜீப்புக்காரன்தான் வில்லன். சிஞ்சு சொன்னது சரிதான், அவகிட்டச் சொல்லிராத. நீ ஜெர்மன் பாஷ பரீட்ச பாஸாயிட்டேன்னு கட்டப்பனையில இருந்து லட்டு கொண்டாந்தேல்ல, அன்னிக்கு மாத்துனேன். வில்லன் இல்லாம ஆட்டத்த முடிக்க முடியாது பாரு. அதனால பகட உன்கிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழம போன்ல வா. டூட்டி இருந்தா சொல்லு, நாங்க காத்திருக்கோம்.

வைத்தியருக்கு எதுக்கு அப்பிடி ஒரு ஆசைன்னா கேக்குற? அது அவரு ஆச இல்லடா. என்னோடது.

சரி, ஜீப்பு வந்துரும், கெளம்பு. இந்தா, வழிக்குக் கொஞ்சம் ஏலக்கா. பயப்படாமத் தின்னு. வெறும் ஏலக்காதான்.