குமிழி இல்லாமல் கலக்குவது எப்படி

புதிதாக ரெசின் நகை செய்யக் கற்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான். அதைக்கூட யாரும் கேட்பதில்லை. மாவு பிசையப்போகிற மாதிரி வெறுங்கையோடு இறங்கிவிட்டு, விரல் ஒட்டுகிறது என்று அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன், சார். நேற்று வக்கீலை வைத்துக்கொண்டு நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் உங்களை வரச் சொன்னேன். தவறு எது என்று விளங்க வேண்டுமானால், தொழில் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ரெசின் ஒரு பாட்டில், அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் ஒரு பாட்டில். அளந்து ஊற்றி, ஐஸ் குச்சியால் கலக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். முட்டை அடிக்கிற மாதிரி அடித்தால் காற்று உள்ளே போய்விடும். இறுகிய பிறகு அந்தக் காற்று குமிழியாக அப்படியே நிற்கும், ஆயுசுக்கும். குச்சியைத் தூக்காமல், கப்பின் ஓரத்தை வழித்தபடி, தூங்குகிற குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற வேகத்தில் கலக்க வேண்டும். எனக்கு அது கைவந்த கலை. நான் சொல்லவில்லை, என் அகாடமியின் பெயர்ப்பலகையிலேயே எழுதியிருக்கிறது.

அகாடமி என்பதை என் வீட்டில் சாப்பாட்டு மேஜை என்பார்கள். பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டால் அது அகாடமி, எடுத்தால் மேஜை. சான்றிதழில் நிறுவனர் என்று ஒரு கையெழுத்தும் முதல்வர் என்று ஒரு கையெழுத்தும் இருக்கும். இரண்டும் நானே போடுவது. பேனாவை மட்டும் மாற்றிக்கொள்வேன்.

மாடியில் என் கொழுந்தன் குடும்பம். அவன் மனைவியை வீட்டில் சின்னவள் என்போம். அவளும் என்னிடம் கற்றவள்தான். கற்ற சூட்டோடு மாடியில் வகுப்பு ஆரம்பித்தாள். நான் பொறாமைப்படவில்லை. படியேறிப் போகிற பெண்களை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

அன்று என் வகுப்பின் கடைசி நாள். மேஜையைச் சுற்றி மாணவிகள். நான் சான்றிதழ் கொடுக்கப் போகும்போது, உப்புத்தாள் கேட்டு சின்னவள் இறங்கி வந்தாள். என் கழுத்தில் நான் ரெசினில் செய்த நீலப்பூ டாலர். வகுப்புக்கு மாதிரியாக நான் எப்போதும் காட்டுவது அதைத்தான். அவள் அதை விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அக்கா, பூவுக்குப் பின்னாடி ஒரு குமிழி இருக்கே."

"அது வெளிச்சம் விழற கோணம்."

ஒரு மாணவி போன் லைட்டை அடித்தாள். "ஆமா மேடம், இருக்கு. பக்கத்துல குட்டியா இன்னொண்ணு."

"குட்டி போட்டிருக்கு போல," என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அதில் ஒருத்தி சின்னவளிடம் மெதுவாக, "உங்க கிளாஸ் எப்பங்க?" என்று கேட்டதும் என் காதில் விழுந்தது.

நான் நிதானமாகச் சான்றிதழ்களைக் கொடுத்தேன். கை குலுக்கினேன். படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் போன பிறகும் சின்னவள் நின்று, சிதறிக் கிடந்த கப்புகளைப் பொறுக்கினாள். அவள் நல்ல பெண்தான், அதை எங்கேயும் சொல்வேன்.

"மனசுல வச்சுக்காதீங்கக்கா," என்றாள். "ஆரம்பத்துல எல்லாருக்கும் வர்றதுதானே."

ஆரம்பத்தில். என்னிடம்.

அச்சுகள் சாயாமல் நிற்பதற்காக மேஜைமேல் ஒரு கருங்கல் பலகை வைத்திருப்பேன். சமையல் மேடை கட்டியபோது மிஞ்சிய துண்டு. அதை எடுத்து அவள் தலையில் அடித்தேன். முதல் அடிக்கு அவள் ஆச்சரியப்பட்ட மாதிரிதான் தெரிந்தது. "அக்கா" என்றாள். அடுத்த அடியில் காதுக்கு மேலே எலும்பு உள்ளே போனது. சத்தம் கப்பை மிதித்த மாதிரி இருந்தது. அதற்கு மேல் தேவைப்படவில்லை. இருந்தும் இன்னொரு முறை அடித்தேன். எதையும் அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை.

பிறகு கொழுந்தனை நினைத்தேன். அவனுக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விடக் கூடாது. என் வாடிக்கையாளர்கள் குழந்தையின் முதல் பல், முதல் முடி, கல்யாண மாலைப் பூ என்று கொண்டு வந்து, இதை அப்படியே வைத்துக் கொடுங்கள் என்று கேட்பார்கள். நான் எந்த முகத்தையும் செய்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

ஃபிரிட்ஜின் காய்கறிப் பெட்டியை உருவி, ஒரு பக்கத்தை அறுத்து, கழுத்துக்கு இடம் விட்டு, அவள் தலையை உள்ளே மல்லாக்க வைத்து, இடுக்கை மெழுகால் அடைத்தேன். ரத்தத்தைத் துடைத்தேன், ஈரம் இருந்தால் ரெசின் மங்கும். முடியை ஒழுங்காக வாரிவிட்டேன். ஒரே தடவையில் ஊற்றினால் சூடேறி வெடிப்பு விடும். அதனால் மெல்லிய அடுக்காக ஊற்றி, அது கெட்டிப்பட்ட பிறகு அடுத்தது. காது, கன்னம், கடைசியில் கண்ணும் மூக்கும் என்று அடுக்கு அடுக்காக ஏறியது. சாயங்காலம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தூசி விழாமல் இருக்க அட்டைப்பெட்டியால் மூடினேன்.

கொழுந்தன் இறங்கி வந்தான். "அண்ணி, அவ எங்க?"

"இங்கதான் இருக்கா. பெட்டியத் தூக்காத, இன்னும் காயல."

தூக்கினான். அவன் அலறிக்கொண்டு வெளியே ஓடியதும் கதவைத் தாழிட்டேன். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கதவை உடைத்தது நீங்கள்தானே.

இனி அந்தத் தவறு. ரெசினுக்குள் அவள் மூக்கருகே குமிழிகள் இருப்பதாக உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். வக்கீல் படித்துவிட்டு வியர்த்துப் போனார்.

"அம்மா, அடிச்சதுமே போயிட்டாங்கன்னா, ஏதோ ஆத்திரத்துல நடந்துடுச்சுன்னு பேசலாம். ஆனா இது மூச்சுன்னு ஆச்சுன்னா, பக்கத்துல உக்காந்து கொன்னதா ஆயிடும். அப்புறம் நீங்க வெளிய வரவே முடியாது."

"அதுக்கு?"

"கலக்குறப்ப காத்து புகுந்துடுச்சுன்னு சொல்லுங்க. சரியாக் கலக்கத் தெரியலன்னு ஒரே வார்த்தை. யாருக்கும் நஷ்டமில்ல."

யாருக்கும் நஷ்டமில்லையாம். படித்த மனிதர் பேசுகிற பேச்சா இது? நேற்று அவர் முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்ததால் நானும் தலையாட்டிவிட்டேன். ராத்திரி முழுக்க வாய் கசந்தது.

எழுதிக்கொள்ளுங்கள், சார். நான் சரியாகத்தான் கலக்கினேன். கீழ் அடுக்குகளைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும். கலவையில் பிழை என்றால் எல்லா அடுக்கிலும் அல்லவா குமிழி வர வேண்டும்? மூக்கை மூடிய அடுக்கில் மட்டும் வந்திருக்கிறது. முதல் குமிழி கிளம்பும்போதே பார்த்துவிட்டேன். ஊசியால் குத்தினேன். இன்னொன்று வந்தது. அதையும் குத்தினேன். அவள் இமை ரெசினுக்கு அடியில் லேசாக அசைந்தது. இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குமிழி வருவது நிற்கும்வரை காத்திருந்தேன். அந்த நேரத்துக்குள் மேல்பக்கம் கெட்டிப்பட்டுவிட்டது. கடைசியாக வந்த சிலவற்றைக் குத்த முடியவில்லை.

அவை அவளுடையவை. என்னுடையது ஒன்றுகூட இல்லை.