அரை மணி நேரப் பயிற்சி

மார்ச் பதினான்கு, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மேகமில்லை, காற்றும் இல்லை. வரையப் பழகுவதற்கு அதைவிடத் தோதான காலை அமையாது. என் முதல் படத்தின் மூலையில் இவ்விவரங்கள் அனைத்தும் உள்ளன, காவல் அதிகாரி சரிபார்த்துக்கொள்ளலாம். அக்கா வீடு திரும்புகிறாளா, அல்லது என்மீது புகார் கொடுக்கிறாளா என்பதை மருத்துவமனையில் அவளே எழுதிக் கையெழுத்திட்டுத் தருவாளாம். அந்தத் தாள் வரும்வரை நடந்ததை எழுதும்படி அதிகாரி என்னை இந்த அறையில் உட்கார வைத்திருக்கிறார்.

அச்சகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பிழை திருத்துகிறேன். பிறர் எழுதியதைச் செப்பனிட்டே காலம் போயிற்று. நானாக ஒரு கோடாவது ஒழுங்காகப் போட விரும்பி ஞாயிறு ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை முதல் நாளே தெளிவாகச் சொன்னார்.

"ஒரே நாள்ல எட்டு மணி நேரம் வரையறதுல பிரயோஜனம் இல்ல சார். தினம் அரை மணி போதும். அதே பொருள், அதே வெளிச்சம். ரப்பரைத் தொடாதீங்க, தேதி போடுங்க. தாளைப் பாக்கறதவிடப் பொருளைப் பாருங்க."

வகுப்பிலிருந்த பன்னிருவரில் இவற்றை முழுமையாகக் கடைப்பிடித்தவன் நான் ஒருவனே.

வகுப்பில் வரையக் கொடுத்த குவளையில் கற்பதற்கு அதிகமில்லை. அக்காவின் இடது காலில் இருந்தது. முப்பது ஆண்டு வீடு வீடாக நடந்து தபால் கொடுத்த கால். கெண்டைச்சதை உருண்டு திரண்டிருந்தது. படிக்கட்டில் விழுந்து எலும்பு முறிந்து, அந்த வாரம்தான் கட்டைப் பிரித்திருந்தார்கள். தினமும் காலையில் அரை மணி நேரம் வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டும், அருகில் ஒருவர் நிற்க வேண்டும், விட்டால் சதை கரைந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எட்டு மணிக்கு நான் அச்சகத்துக்குக் கிளம்பியாக வேண்டும். என்னிடம் இருந்தது ஓர் அரை மணி, இரண்டு இல்லை.

மாலையில் நடத்தியிருக்கலாமே என்று அதிகாரி கேட்டார். மாலையில் நடந்தால் காலையில் கால் வீங்கியிருக்கும். அது நேற்றைய பொருளாக இராது.

"என்னடா அரைப்புள்ளி, இன்னிக்காவது நடக்க விடுவியா?" என்பாள் அக்கா. அச்சகத்தார் எனக்கு வைத்த பெயர் அது.

"பத்து நிமிஷம் அக்கா. அசையாத."

"செத்தாதான்டா அசையாம இருப்பேன். அப்ப வந்து நிதானமா வரைஞ்சுக்கோ."

நான் சிரித்தேன். அப்போது அவளும் சிரித்தாள்.

மூன்றாம் வாரம் வாக்கரைப் பரண்மேல் ஏற்றினேன். அதன் நிழல் காலின்மேல் விழுந்தது. பயிற்சி கொடுக்க வருவதாக இருந்த பெண்ணிடம், அக்கா பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னேன். மணியடித்தால் கால் துள்ளுவதால் அக்காவின் செல்போனை என்னோடு எடுத்துச் சென்றேன். மே மாதத்தில் அவள் அழத் தொடங்கினாள். அழும்போது முழங்கால் நடுங்கும். பாலில் தூக்க மாத்திரையைக் கரைத்தேன். ஜூனில் ஒருநாள் தவழ்ந்து வாசல்வரை போயிருந்தாள். விழுந்துவிடக் கூடாதே என்று அதன்பின் அறையை வெளியே பூட்டினேன்.

"கதவைத் தொறடா. எங்கயும் போக மாட்டேன். வாசல்ல நின்னு தெருவ ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

அவளால் இனி நிற்க முடியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

ஜூலை முப்பது, ஞாயிற்றுக்கிழமை, நூற்று முப்பத்தொன்பது படங்களையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஆசிரியை அவற்றைத் தேதி வரிசையில் தரையில் பரப்பி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார், திரும்பியும் நடந்தார்.

"கோடு பிரமாதமா வந்திருக்கு சார்." முதல் தாளையும் கடைசித் தாளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "மொதல் படத்துல இருக்கிற சதை, கடைசிப் படத்துல எங்க?"

"நான் வரைந்ததில் பிழையில்லை" என்றேன்.

"பிழை இல்லன்னுதான் சார் பயமா இருக்கு."

அன்று மாலை அவர் அதிகாரியை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பூட்டை நானே திறந்துவிட்டேன்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். அக்காவின் காலை அழித்தவன் நான். கோபத்தில் அல்ல, குடித்துவிட்டும் அல்ல. நாள்தோறும் அரை மணி வீதம், என்ன நடக்கிறது என்பதைத் தாளில் சரியாகக் குறித்துக்கொண்டே அழித்தேன்.

இப்போது அதிகாரி உள்ளே வந்து அந்தத் தாளை நீட்டினார்.

"உங்க அக்கா கையெழுத்துப் போட்டுட்டாங்க. படிச்சுக்குங்க."

நான்கே வரிகள். வீடு திரும்பமாட்டாள், புகார் கொடுக்கிறாள், எங்கே தங்குகிறாள் என்பதை எனக்குச் சொல்லக் கூடாது, அவள் முகத்தில் இனி நான் விழிக்கக் கூடாது. இருமுறை படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

"ஏதோ கோபம் சார்" என்றேன். "கால் தேறட்டும். மொதல்ல என்னைத் தேடித்தான் நடந்து வருவா."